செல் வளர்ப்பில் கன்ஃப்ளூயன்ஸ்: கண்ணால் கணிக்கப் பழகுவது எப்படி?

செல் வளர்ப்புக் கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்: "எத்தனை சதவீதம் இருக்கு?" நீங்கள் மைக்ரோஸ்கோப்பில் எட்டிப் பார்த்து, "ஒரு 60 இருக்கும்" என்று சொல்வீர்கள். அந்த 60-ஐ நம்பி நாளைய சோதனை திட்டமிடப்படும். இவ்வளவு பாரம் சுமக்கும் எண்ணை எப்படிப் பார்த்துச் சொல்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. பார்த்துப் பார்த்துத் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். வரும்தான், ஆனால் பல ஃபிளாஸ்க்குகள் (செல் வளர்க்கும் தட்டையான புட்டிகள்) வீணான பிறகு வரும். அந்த இழப்பைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எதை அளக்கிறோம்?

ஃபிளாஸ்க்கின் அடிப்பரப்பில் எவ்வளவு பங்கைச் செல்கள் மூடியிருக்கின்றன என்பதுதான் கன்ஃப்ளூயன்ஸ். பாதி மூடியிருந்தால் 50 சதவீதம்; இடைவெளியே இல்லாவிட்டால் 100. செல்களின் எண்ணிக்கையை இது நேரடியாகச் சொல்லாது. அவை நலமாக இருக்கின்றனவா என்பதையும் சொல்லாது.

இதை ஒரே நாளில் நீங்களே பார்த்துவிடலாம். காலையில் செல்களைப் புதிய ஃபிளாஸ்க்கில் போடுகிறீர்கள். முதல் ஒரு மணி நேரம் அவை சின்னச் சின்ன உருண்டைகளாகக் கிடக்கும். பரப்பில் கொஞ்சம்தான் மூடியிருக்கும். மாலையில் பார்த்தால் ஒட்டி, தட்டையாகி, பரவியிருக்கும். ஒரு செல்கூடக் கூடியிருக்காது, ஆனால் சதவீதம் பல மடங்கு ஏறியிருக்கும். மறுமுனையில் இதற்கு நேரெதிர். 100-ஐத் தொட்ட பிறகும் பல வகைச் செல்கள் தொடர்ந்து பிரியும். நெருக்கியடித்துக்கொண்டு ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். எண்ணிக்கை ஏறும், சதவீதம் 100-லேயே நிற்கும். ஆகவே தொடக்கத்திலும் முடிவிலும் இந்த எண்ணை அதிகம் நம்பக்கூடாது. ஏறத்தாழ 20 முதல் 80 வரையிலான நடுப்பகுதியில்தான் சதவீதமும் எண்ணிக்கையும் கைகோத்து நடக்கின்றன.

இன்னொன்று. ஒட்டி வளரும் செல்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். ஜுர்காட், கே562 போல மிதந்து வளர்பவற்றுக்கு ஒரு மில்லியில் எத்தனை செல் என்றுதான் எண்ண வேண்டும்.

நெருக்கம் செல்லையே மாற்றிவிடும்

புதிதாக ஃபிளாஸ்க்கில் போட்ட செல்கள் முதலில் கொஞ்ச நேரம் தயங்கி நிற்கும். சிலவற்றுக்கு அரை நாள், சிலவற்றுக்கு ஒரு நாளுக்கும் மேல். இது மந்தக் கட்டம். அதன்பின் சீரான இடைவெளியில் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். இது பெருகும் கட்டம். இடமோ சத்தோ தீர்ந்ததும் தேக்கக் கட்டம். பெருகும் கட்டத்தில் இருக்கும் செல்லும் தேக்கத்தில் இருக்கும் செல்லும் ஒரே பெயர் கொண்டவை என்றாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அவற்றில் வெளிப்படும் மரபணுக்கள் மாறும், மருந்துக்குக் காட்டும் எதிர்வினை மாறும், டி.என்.ஏ.வை உள்ளே வாங்கிக்கொள்ளும் திறன் மாறும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று 3டி3 என்ற செல் வகையின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டோடாரோவும் ஹோவர்ட் கிரீனும் எலிக் கருவின் செல்களை எடுத்து, 3 நாளுக்கு ஒரு முறை, தட்டுக்கு 3 லட்சம் செல்கள் என்ற கணக்கில் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். அந்த அட்டவணைதான் பெயராகிவிட்டது. அதே 3 நாள் இடைவெளியில் தட்டுக்கு 6 லட்சமும் 12 லட்சமும் போட்டு வளர்த்த கிளைகள் 3டி6, 3டி12 ஆயின. குறைந்த நெருக்கத்தில் வளர்ந்த 3டி3 செல்கள் ஒன்றையொன்று தொட்டதும் பிரிவதை நிறுத்திக்கொண்டன. நெரிசலிலேயே வளர்க்கப்பட்ட 3டி12-க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அடர்ந்துகொண்டே போனது. எவ்வளவு நெருக்கத்தில் வைத்திருக்கிறீர்களோ, அதற்கேற்ற செல்களைத்தான் நீங்கள் பொறுக்கி எடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் 100-ஐத் தாண்டவிட்ட 3டி3, சில மாதங்களில் உண்மையான 3டி3-ஆக இருக்காது.

சி2சி12 என்ற எலித் தசைச் செல்களிலும் இதேதான், இன்னும் கடுமையாக. இவை நெருங்கியதும் ஒன்றோடொன்று இணைந்து தசை இழைகளாக மாறத் தொடங்கிவிடும். அப்படி இணைந்தவை மீண்டும் பிரிவதில்லை. நிரம்பிய ஃபிளாஸ்க்கிலிருந்து மறுபடி வளர்க்கும்போது மிஞ்சி வருபவை, இணைய மறுத்த செல்கள். ஆகவே ஒவ்வொரு முறை தவறவிடும்போதும், உங்களுக்கு எது வேண்டுமோ அதையே வடிகட்டித் தூக்கியெறிகிறீர்கள். ஹீலா போன்ற புற்றுச் செல்கள் தொட்டாலும் நிற்காது. ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அங்கே மீடியம் (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) தீருவதுதான் எல்லை.

பார்க்கும் முறை

மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் முன் ஃபிளாஸ்க்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மீடியத்தில் ஃபீனால் ரெட் என்ற அமிலங்காட்டிச் சாயம் இருந்தால் சாதாரணமாகச் சிவப்பாக இருக்கும். மஞ்சளாகியிருந்தால் அமிலம் கூடியிருக்கிறது, செல்கள் நிறையத் தின்றிருக்கின்றன. ஊதா சாயல் அடித்தால் கார்பன் டை ஆக்சைடு போதவில்லை. கலங்கியிருந்தால் சதவீதத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கிருமி புகுந்திருக்கிறது.

அடுத்து 4 மடங்கு லென்ஸில் முழுப் பரப்பையும் ஒரு சுற்று பாருங்கள். புதியவர்கள் பலர் நேராக 20 மடங்குக்குப் போய்விடுகிறார்கள். அங்கே தெரிவது ஒரு சின்னத் துண்டு; அதில் செல்கள் நிறைந்திருந்தால் ஃபிளாஸ்க்கே நிறைந்தது போலத் தோன்றிவிடும். சுற்றிப் பார்த்த பிறகு 10 மடங்குக்கு மாறி, குறைந்தது ஐந்து இடங்களைப் பாருங்கள்: நடுவில் ஒன்று, நான்கு மூலைப்பக்கமும் ஒவ்வொன்று.

இந்த ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை எடுத்துவிட்டு ஃபிளாஸ்க்கை நகர்த்துங்கள். நின்ற பிறகு கண்ணை வையுங்கள். பார்த்துக்கொண்டே நகர்த்தினால் கை தானாகவே செல்கள் அழகாக இருக்கும் இடத்தில் நின்றுவிடும், எத்தனை வருடப் பழக்கம் இருந்தாலும்.

ஒவ்வொரு இடத்திலும் செல்களை விட்டுவிட்டு வெற்றிடத்தைப் பாருங்கள். இருக்கும் செல்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளினால் வட்டத்தில் எவ்வளவு காலியாகும் என்று மனதில் கேளுங்கள். கால்வாசி காலி என்றால் 75. இது எளிய உத்திதான், ஆனால் "ஏதோ நிறைய இருக்கிறது" என்ற மொத்தமான எண்ணத்தைவிட எவ்வளவோ மேல்.

25 சதவீதத்தில் செல்கள் தனித்தனியாகவோ சின்னக் கூட்டங்களாகவோ இருக்கும். கண்ணில் முதலில் படுவது வெற்றுத் தரைதான். 50-இல் எது செல், எது வெளி என்று இரண்டும் சரிசமமாகப் போட்டியிடும். 70, 80 வரும்போது வெற்றிடம் சந்துபொந்துகளாகச் சுருங்கிவிடும். ஆங்காங்கே பிரகாசமான உருண்டைச் செல்கள் தெரியும். அவை பிரிந்துகொண்டிருப்பவை, நல்ல அறிகுறி. இரண்டிரண்டாக ஒட்டிய உருண்டைகளையும் காணலாம். பளிச்சென்ற ஒளிவட்டம் இல்லாமல் கறுத்துச் சுருங்கி மிதப்பவை செத்தவை. 90-இல் மிஞ்சும் ஓட்டைகள் ஒரு செல் அளவே இருக்கும். அதற்குமேல் ஓடு பதித்த தரை மாதிரி.

செல்லின் வடிவம் கண்ணை ஏமாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) நீண்டு மெலிந்த உடலும் கூரிய முனைகளும் கொண்டது. முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வலை பின்னியது போல இருக்கும். "எல்லாம் தொட்டுவிட்டன, 90" என்று சொல்லத் தோன்றும். இடையிலுள்ள வெளியைக் கணக்கிட்டால் 50-தான் இருக்கும். எச்.ஈ.கே 293, எம்.சி.எஃப் 7 போன்றவை தீவுகளாக வளரும். தீவுக்குள் நெரிசல், வெளியே பொட்டல். இங்கே சதவீதத்தோடு "தீவுகள் இணையத் தொடங்கிவிட்டன" என்பது போல ஒரு வார்த்தையும் சேர்த்து எழுதிவைப்பது நல்லது. மனிதக் கருநிலைத் தண்டுச் செல்களுக்கு மொத்தச் சதவீதத்தைவிடக் கூட்டங்களின் அளவும் விளிம்பும் முக்கியம். கூட்டங்கள் ஒன்றோடொன்று முட்டும் முன் பிரித்துவிட வேண்டும்.

கண்ணை எண்ணிக்கையோடு உரசிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பேசேஜ் செய்யும் (செல்களைப் பிரித்துப் புதிய ஃபிளாஸ்க்குக்கு மாற்றும்) முன்பும் உங்கள் மதிப்பீட்டை நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு ஒட்டிய செல்களை விடுவிக்கும் டிரிப்சின் என்சைமைப் போட்டுச் செல்களை எடுத்து, செத்த செல்களை மட்டும் நீலமாக்கும் டிரைபான் புளூ சாயம் கலந்து, ஹீமோசைட்டோமீட்டர் என்ற கட்டம் போட்ட கண்ணாடியில் எண்ணுங்கள். நான்கு மூலைச் சதுரங்களின் சராசரியை, சாயம் கலந்த மடங்காலும் 10,000-ஆலும் பெருக்கினால் ஒரு மில்லியில் உள்ள செல்கள். மொத்த எண்ணிக்கையை ஃபிளாஸ்க்கின் பரப்பால் வகுத்து, மதிப்பீட்டுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். டி25 என்றால் 25 சதுர செ.மீ., டி75 என்றால் 75. பெயரே பரப்பைச் சொல்கிறது.

பத்து முறை இப்படிச் செய்தால் அந்தச் செல்லுக்கென்று உங்கள் கையால் ஒரு அட்டவணை உருவாகிவிடும். நிறைந்த டி75-இல் ஏறத்தாழ 80 லட்சம் ஹீலா செல்கள் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. பெரிதாகப் பரவும் செல்லாக இருந்தால் அதே இடத்தில் அதைவிட மிகக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே ஒரு செல்லில் பழகிய கண்ணை அப்படியே இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. செல் மாறினால் கண்ணை மறுபடி பழக்க வேண்டும்.

கூடத்தில் இருவர் ஒரே செல்லைப் பார்த்துக்கொண்டால், வாரம் ஒரு முறை ஒரே ஃபிளாஸ்க்கைத் தனித்தனியாகப் பார்த்து எண்களை ஒப்பிடுங்கள். முதலில் 20 புள்ளி வித்தியாசம் வந்தாலும் வியப்பில்லை. படத்திலிருந்து கணக்கிட இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் உதவும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: ஃபேஸ் கான்ட்ராஸ்ட் (சாயம் ஏற்றாமலே செல்லைத் தெரியவைக்கும் மைக்ரோஸ்கோப் முறை) படத்தில் செல்லின் உட்பகுதியும் வெற்றுத் தரையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். வெளிச்ச அளவை வைத்து மட்டும் பிரித்தால் செல்லின் விளிம்புதான் சிக்கும், உள்ளே ஓட்டை விழும். விளிம்பைக் கண்டுபிடித்து உள்ளே நிரப்பும் படிகளையும் சேர்க்க வேண்டும்.

சதவீதத்தோடு வேகத்தையும் வாசியுங்கள்

நான் தொடங்கிய புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஃபிளாஸ்க்கைப் பார்த்தேன். பாதிதான் நிறைந்திருந்தது. திங்களன்று பிரித்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டுப் போனேன். திங்கள் காலையில் மீடியம் மஞ்சளாகியிருந்தது. செல்கள் ஒரு தாள்போல ஓரத்திலிருந்து உரிந்து சுருண்டு கிடந்தன. அந்தச் செல் ஏறக்குறைய நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும் வகை. வெள்ளியன்று 50 என்றால் சனிக்கிழமையே 100. நான் வருவதற்கு ஒன்றரை நாள் முன்பே இடம் தீர்ந்துவிட்டது.

50 என்பது பாதித் தூரம் என்று மனம் எண்ணுகிறது. இரட்டிப்புக் கணக்கில் 50 என்பது கடைசிக்கு முந்தைய படி. 12-இலிருந்து 25, 25-இலிருந்து 50, 50-இலிருந்து 100. ஒவ்வொன்றும் அதே ஒரு நாள்தான். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காதது போலத் தெரியும், மூன்றாம் நாள் எல்லாம் ஒரேயடியாக நடந்தது போலத் தெரியும்.

ஆகவே எப்போதும் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். திங்கள் காலை 80 வேண்டும். வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை ஏறத்தாழ 60 மணி நேரம். அரை நாள் மந்தக் கட்டத்துக்குப் போக 48 மணி மிஞ்சும். 24 மணிக்கு ஒரு முறை இரட்டிக்கும் செல்லுக்கு இரண்டு இரட்டிப்பு. 80-ஐ இருமுறை பாதியாக்கினால் 20. வெள்ளி மாலை 80 சதவீத ஃபிளாஸ்க் கையில் இருந்தால், அதில் கால் பங்கை அதே அளவு ஃபிளாஸ்க்கில் போட வேண்டும். வேறு அளவுப் பாத்திரமானால் பரப்பின் விகிதத்தைப் பாருங்கள். ஆறு குழித் தட்டில் ஒரு குழி ஏறத்தாழ 9.5 சதுர செ.மீ.; டி75-இல் எட்டில் ஒரு பங்கு. மீடியம் சதுர செ.மீ.க்கு 0.2 முதல் 0.3 மில்லி என்று வைத்துக்கொண்டால் டி25-க்கு 5 மில்லி, டி75-க்கு 15 மில்லி வரும்.

நேரம் மிச்சப்படுத்த மிகக் குறைவாகப் போடுவதும் ஆபத்துதான். பல செல்கள் தாங்களே சுரக்கும் பொருட்களால் மீடியத்தைத் தங்களுக்கு ஏற்றதாக ஆக்கிக்கொள்கின்றன. 5 சதவீதத்தில் அந்தத் துணை கிடைக்காமல் நாள்கணக்கில் அப்படியே நிற்கும், சில செத்தும் போகும்.

திட்டுத் திட்டாக வளர்ந்தால்

நடுவில் நெரிசல், ஓரத்தில் வெறுமை. சராசரி எடுத்தால் 50. ஆனால் அந்த ஃபிளாஸ்க்கில் ஒரு செல்கூட 50 சதவீதச் சூழலில் வாழவில்லை. பாதி தேக்கத்தில், பாதி தனிமையில். இப்படிப்பட்ட ஃபிளாஸ்க்கில் சராசரி சொல்லாதீர்கள், சோதனைக்கும் எடுக்காதீர்கள்.

பெரும்பாலும் காரணம் நம் கைதான். செல்களைப் போட்டதும் தட்டை வட்டமாகச் சுழற்றினால் எல்லாம் நடுவில் போய்க் குவியும். முன்னும் பின்னும் சில முறை, அப்புறம் இடமும் வலமும் சில முறை மெதுவாக அசையுங்கள். சமதளத்தில் 10, 15 நிமிடம் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு இன்குபேட்டருக்குள் (செல்களைச் சீரான வெப்பத்தில் வைக்கும் பெட்டி) கொண்டுபோனால் ஓரத்தில் குவிவது குறையும். இன்குபேட்டருக்குள் இருக்கும் அடுக்கு சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிரிப்சினுக்குப் பின் செல்கள் சரியாகப் பிரியாமல் கொத்தாக இருந்தாலும் இதே திட்டுகள் வரும்.

எந்த வேலைக்கு எவ்வளவு?

வழக்கமான பேசேஜுக்கு 70 முதல் 80. உறைய வைக்கவும் அதே; பெருகும் கட்டத்தில் இருக்கும் செல்கள்தான் உருகி எழுந்தபின் நன்றாக ஒட்டும். லிப்பிட் முறையில் (கொழுப்புத் துகள்களில் பொதிந்து) டி.என்.ஏ. செலுத்த 70 முதல் 90 என்று பல வினைபொருள்களின் குறிப்பேடுகள் சொல்லும். அது செலுத்தும் நாளுக்கான எண், செல்களைப் போடும் நாளுக்கானது அல்ல. கீறல் சோதனைக்கு (செல் பரப்பில் ஒரு கோடு கீறி, அது எப்படி மூடுகிறது என்று பார்ப்பது) முழு 100 வேண்டும், இல்லாவிட்டால் கீறல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

மருந்துச் சோதனையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மருந்து போடாத குழி சோதனை முடியும் நாளிலும் பெருகிக்கொண்டிருக்க வேண்டும். 60-இல் தொடங்கி மூன்று நாள் வைத்தால் அது இரண்டாம் நாளுக்குள்ளேயே நிரம்பி நின்றுவிடும். மருந்து போட்ட குழி மெதுவாக வந்து அதை எட்டிப்பிடிக்கும். வேலை செய்யும் மருந்து வேலை செய்யாதது போலத் தெரியும்.

நிரம்பிய பிறகுதான் கதையே தொடங்கும் செல்களும் உண்டு. 3டி3-எல்1 நிரம்பி இரண்டு நாள் கழித்தே கொழுப்புச் செல்லாக மாறத் தூண்டப்படுகிறது. குடல் சுவரைப் போல வளர வைக்கும் காகோ-2 பொதுவாக 21 நாள் வைக்கப்படுகிறது.

எண் வழக்கத்துக்கு மாறினால்

நோட்டில் எழுதிவந்தால் ஒருநாள் இது கண்ணில் படும்: மூன்று நாளில் 80 வரும் செல் ஐந்து நாளாகியும் 50. முதலில் மைகோபிளாஸ்மா பரிசோதனை செய்யுங்கள். மற்ற கிருமிகளைப் போல அது மீடியத்தைக் கலக்காது. வளர்ச்சி மந்தமாவது மட்டுமே தடயமாக இருக்கலாம். அது இல்லையென்றால் சீரம் (மீடியத்தில் சேர்க்கும் ரத்தத் தெளிநீர்) மாறியதா, இன்குபேட்டர் சரியா, பேசேஜ் எண் (இதுவரை எத்தனை முறை மாற்றி வளர்த்தது) எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண மனித ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் முடிவில்லாமல் பிரிவதில்லை என்பதை லியோனார்ட் ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961-இலேயே காட்டிவிட்டார்கள். ஏறத்தாழ 40 முதல் 60 இரட்டிப்போடு நின்றுவிடும்.

திடீரென்று வேகம் கூடினால் மகிழ வேண்டாம். வேறு செல் கலந்திருக்கலாம். 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட பல செல் வகைகள் உண்மையில் ஹீலா என்று காட்டினார். வேகமாக வளரும் ஒரு துளி, மெதுவாக வளரும் ஃபிளாஸ்க்கைச் சில பேசேஜுகளில் விழுங்கிவிடும். வேகம் மாறிய செல்லின் அடையாளத்தை எஸ்.டி.ஆர். என்ற டி.என்.ஏ. அடையாளச் சோதனையில் சரிபாருங்கள்.

இன்று ஃபிளாஸ்க் ஏற்கெனவே 100-ஐத் தாண்டிவிட்டதா? ஹீலா, எச்.ஈ.கே போன்றவை என்றால் காப்பாற்றலாம். கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலால் இருமுறை கழுவுங்கள், எச்.ஈ.கே லேசாகத்தான் ஒட்டியிருக்கும், ஆகவே திரவத்தைச் செல்கள்மேல் ஊற்றாமல் எதிர்ப்பக்கச் சுவரில் விடுங்கள். நிரம்பிய பரப்புக்குள் டிரிப்சின் மெதுவாகத்தான் நுழையும், நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருங்கள். தாளாகக் கிளம்பினால் சீரம் உள்ள மீடியத்தைச் சேர்த்து டிரிப்சினை நிறுத்தி, மென்மையாகப் பிப்பெட்டில் ஏற்றி இறக்கிச் செல்களைப் பிரித்துவிடுங்கள். எண்ணிப் பார்த்து 20 சதவீத அளவுக்குப் போடுங்கள். இரண்டு பேசேஜ் வழக்கமான வேகத்தில் வளர்ந்த பிறகே சோதனைக்கு எடுங்கள். 3டி3, 3டி3-எல்1, சி2சி12 என்றால் அந்த ஃபிளாஸ்க்கை அப்புறப்படுத்திவிட்டு, உறைய வைத்த ஆரம்பப் பேசேஜ் குப்பி ஒன்றை எடுத்து உருக்குங்கள்.